வாயனசாலையில் வயிற்று அறுவையைப் பற்றிப் பேசிய நாள்

எங்கள் அத்தானுக்கு வீட்டில் காது கேட்காது. செவிடு என்று நினைத்துவிட வேண்டாம். கேரள எல்லையில் எங்கள் குன்னத்துகால் சுற்றுவட்டாரத்தில் எந்த மூலையில் மைக் கட்டினாலும் முதல் வரிசையில் போய் உட்கார்ந்து, பேசுகிறவர் சொல்வதையெல்லாம் ஒரு சின்ன டைரியில் குறித்துக்கொள்கிற மனுஷன் அவர். மண்புழு உரம், உலக வங்கி, ரப்பர் மரத்துப் பட்டை நோய், எதைப் பற்றி யார் பேசினாலும் கேட்பார். கேட்டதைச் செய்யவும் செய்வார். ஒருமுறை யாரோ வந்து அடுப்புப் புகையின் கெடுதியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். அடுத்த வாரமே எங்கள் வீட்டில் புகைக் குழாய் வைத்த அடுப்பு கட்டியாயிற்று. அந்தப் புகையில் பதினாறு வருஷம் இருமிய என் அக்கா அதற்கு முன் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று அவருக்குத் தெரியாது. வீட்டில் சொன்னது அவருக்குப் பேச்சு. மேடையில் சொன்னால்தான் விஷயம்.

நான் அப்போது பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டில்தான் இருப்பு. தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை. அக்காவுக்கு நாற்பது முடிந்திருந்தது. மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறத் தொடங்கிய உடம்பு நிற்கவே இல்லை. சர்க்கரை வந்தது, முட்டு வீங்கியது, பஸ்ஸில் ஏறுவதற்குக் கண்டக்டர் கை கொடுக்க வேண்டிவந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் வைத்தியர் ஆனார்கள். கொள்ளு அவித்த தண்ணீரைக் குடி என்றார்கள், காலையில் நட என்றார்கள், மரச்சீனிக் கிழங்கை விடு என்றார்கள். அவள் குடித்தாள், நடந்தாள், விட்டாள். உடம்பு மட்டும் அவளை விடவில்லை.

நெய்யாற்றின்கரையில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் டாக்டர்தான் கடைசியில் அறுவை என்ற பேச்சை எடுத்தார். வயிற்றைச் சின்னதாக்கும் ஆப்பரேஷன். வெளிநாட்டில் செய்கிறார்கள், அங்கே போய்ப் படித்துவிட்டு வந்த ஒருவர் திருவனந்தபுரத்தில் இருக்கிறார், கடிதம் தருகிறேன், கொண்டு போய்க் காட்டுங்கள் என்றார். ஓர் ஆங்கிலக் கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்து என்னிடம் கொடுத்தார். கடிதத்தில் எடை எழுத வேண்டும். அவருடைய எடை எந்திரத்தில் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது. வேறு எங்காவது நிறுத்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

வேறு எங்கே? யோசனை சொன்னது அத்தான்தான். மிளகும் ரப்பரும் விலைக்கு எடுக்கிற மலஞ்சரக்குக் கடையில் ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசு இருக்கிறதே! அதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. அக்கா போய் அந்தத் தட்டின்மேல் ஏறி நின்றாள். கடைக்காரர் மரியாதை தெரிந்தவர், முகத்தைப் பார்க்காமல் கல்லை மாற்றி வைத்தார். ஷீட் கொண்டுவந்திருந்த நாலு பேர் நன்றாகப் பார்த்தார்கள். நூற்று முப்பத்து நாலு கிலோ. கடைக்காரர் கைப்பழக்கத்தில் அதைக் கடையின் பேர் அச்சடித்த சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். வழியெல்லாம் நான் அத்தானைத் திட்டிக்கொண்டே வந்தேன். அக்கா அந்தச் சீட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள்.

கடிதம் கிடைத்தது. கிடைத்த கடிதம் அத்தானின் அலமாரியில், வாயனசாலையின் மினிட்ஸ் புத்தகங்களுக்கு அடியில், பத்து மாதம் கிடந்தது. ஊர் நூலகத்தை நாங்கள் வாயனசாலை என்போம். அத்தான் அதற்குச் செயலாளர். நான் கடிதத்தைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"பாக்கலாம் பிள்ளே. ஆப்பரேசன்னு சொல்லப்பட்டது அசுகக்காரங்களுக்காக்கும். அவளுக்கு என்ன அசுகம்? தடி வச்சிருக்கு, அவ்வளவுதானே."

தடி வைப்பதென்றால் எங்கள் பக்கத்தில் பருமனாவது. கல்யாண வீட்டில் ஒருத்தியைப் பார்த்து "கொஞ்சம் தடி வச்சிருக்கே" என்றால் அது பாராட்டு. அதைப் போய் நோய் என்று எப்படி அவர் மண்டையில் ஏற்றுவது? அழுது சொன்னேன், கத்திச் சொன்னேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தும் பார்த்தேன். நான் பேசாமல் இருந்ததை அவர் கவனிக்கக்கூட இல்லை.

அப்போதுதான் வாயனசாலை ஆண்டு விழா வந்தது. சிறப்புப் பேச்சாளராக வருவதாக இருந்த ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட, அத்தான் ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார். எனக்குப் பளிச்சென்றது. நான் பேசுகிறேன் என்றேன். என்ன விஷயம் என்று கேட்டார். "உடல் பருமனும் நவீன அறுவை சிகிச்சையும்" என்றேன். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். ஒரு சின்ன அசைவு வரும் என்று எதிர்பார்த்தேன்.

"கொள்ளாம்! நல்ல புதுமையான விஷயமாக்கும்," என்று சொல்லி நோட்டீசில் எழுதிக்கொண்டார்.

பதினைந்து நாள் அந்த ஜெராக்ஸோடு மல்லுக்கட்டினேன். பக்கத்தில் அகராதி. தமிழும் மலையாளமும் கலந்து உட்காரும் சபை. இரைப்பை என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது, ஆமாசயம் என்றால் மறுபாதிக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்து லேபிலிருந்து குடலும் வயிறும் வரைந்த பெரிய சார்ட்டைக் கேட்டு வாங்கினேன். அக்காவிடம், "நான் பேசறேன், நீ வந்து இருக்கணும்" என்று மட்டும் சொன்னேன். நோட்டீஸ் கட்டு வீட்டு மேசைமேல்தான் கிடந்தது. அவள் ஒன்றை எடுத்துப் படித்தாள், மடித்து வைத்தாள், அடுக்களைக்குப் போனாள்.

இரண்டாம் சனிக்கிழமை, மாலை நாலு மணி. எங்கள் பக்கத்துக் கூட்டங்களை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒருவர் வரவேற்பார். பிறகு தலைவர் பேசுவார். பிறகு ஒருவர் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கிவைத்துப் பேசுவார். அதற்குப் பிறகு ஆசம்சை, அதாவது வாழ்த்துரை. ஊரில் யாருடைய பேரை நோட்டீசில் விட்டாலும் அவர் ஒரு வருஷம் முகம் கொடுக்க மாட்டார் என்பதால் எல்லாருக்கும் ஓர் ஆசம்சை உண்டு. அன்று ஏழு பேர். ஏழு பேரும் முடித்த பிறகுதான், எதற்காகக் கூட்டம் கூட்டினார்களோ அந்த ஆள் வாயைத் திறக்கலாம்.

நான் மேடையில் சார்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பஞ்சாயத்து மெம்பர் எழுந்தார். வயிறு முக்கியம் என்று தொடங்கி, வயிற்றுக்குச் சோறு வேண்டும், சோற்றுக்கு அரிசி வேண்டும், அரிசி வர ரோடு வேண்டும் என்று போய், ரோட்டுக்குத் தார் போடாததற்கு யார் காரணம் என்பதில் இருபது நிமிஷம் நின்றார். அடுத்து வைத்தியர். அவர் என் சார்ட்டைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்து வந்து, தன் கைத்தடியால் கல்லீரலைத் தொட்டுக் காட்டி, அதுதான் வயிறு என்று விளக்கினார். என் வயிறு எரிந்தது. பிறகு கொள்ளு. கொள்ளுக்குப் பிறகு கடுக்காய். "கத்தியும் கத்திரிக்கோலும் ஒண்ணும் வேண்டாம், வாயைக் கட்டினா மதி, அது போதும்" என்று சொல்லி முடித்தபோது நல்ல கைதட்டல். நான் பேசவேண்டிய விஷயத்தை நான் பேசுவதற்கு முன்பே ஊர் விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டது. அத்தான் மேடை ஓரத்தில் உட்கார்ந்து அதையும் டைரியில் எழுதினார்.

அக்கா வந்திருந்தாள். கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவளால் உட்கார முடியாது. பின்சுவரோரம் கிடந்த பெஞ்சில், தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு தனியாக இருந்தாள்.

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது என் முறை வந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற மாதிரிதான் பேசினேன். முதலில் வைத்தியர் மனம் நோகாமல் கல்லீரலைக் கல்லீரலாக்கினேன். வயிறு ஒரு பை, அந்தப் பையின் மேல்பக்கத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுக்கு ஒரு சின்ன அறையைப் பிரித்து, கடுதாசிக்குப் பின் அடிப்பதுபோல வரிசையாகப் பின் அடித்துத் தைத்துவிடுவார்கள் என்றேன். நாலு வாய் தின்றதும் போதும் என்று ஆகிவிடும். அழகுக்காகச் செய்வதல்ல, உடம்பின் பாரத்தால் சர்க்கரையும் மூட்டும் மூச்சும் கெட்டுப்போனவர்களுக்குச் செய்வது என்றேன். ஆபத்து இல்லாமல் இல்லை, மயக்க மருந்தே அவர்களுக்கு ஆபத்துதான், பிறகு அவசரமாகத் தின்றால் தின்றதெல்லாம் சத்தியாக வெளியே வரும், ஆயுள் முழுக்க மாத்திரையும் டாக்டரும் கூடவே இருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. "இது சோம்பேறித்தனத்துக்குத் தண்டனையும் இல்லை, மந்திரமும் இல்லை, ஒரு சிகிச்சை" என்றேன். அந்த வரியைப் பதினைந்து நாளாகப் பழகியிருந்தேன்.

அத்தான் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். எனக்குத் தெம்பு வந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "நம்ம ஊரிலேயே இப்படி ஒருத்தர் இருக்கலாம். வீட்டுக்காரங்க கவனிக்காம விட்டிருக்கலாம்," என்றேன்.

அறுபது தலைகளும் பின்னால் திரும்பின. பின்சுவரோரப் பெஞ்சைப் பார்த்தன. அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னதைத் திருப்பி வாங்க முடியாது. நான் வேகவேகமாக முடித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றேன்.

வாசல்படியில் மீன் கொட்டையை, அதாவது கூடையை, இறக்கிவைத்துவிட்டு நின்று கேட்டுக்கொண்டிருந்த பொழியூர்க்காரி ஒருத்தி கையைத் தூக்கினாள். கடற்கரையிலிருந்து தினமும் எங்கள் ஊருக்கு மீன் கொண்டுவருகிறவள், கொட்டைக்குக் கீழே எலும்பும் தோலும்தான்.

"டீச்சரே, நான் வெளுக்கதுக்கு முன்ன கொட்ட சுமக்கத் தொடங்கினா, உச்சவெயிலு கழிஞ்சுதான் வயித்துக்கு வல்ல கஞ்சியும் ஊத்துவேன். எனக்குக் கொஞ்சம் தடி வைக்கதுக்கும் ஆப்பரேசன் உண்டா?"

கூரை பிய்ந்துபோகிற சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பதில் வராது என்று தெரிந்ததும் கொட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் பின்னாலிருந்து இன்னொரு குரல். "டீச்சரே, ஒரு சம்சயம் உண்டு."

அக்கா எழுந்து நின்றிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு. பிறந்த நாளிலிருந்து என்னை மக்கா என்றும் ஏட்டி என்றும் கூப்பிட்டவள் டீச்சரே என்கிறாள்.

"கேளுங்க," என்றேன்.

"இந்த ஆப்பரேசன் செய்தா ஒரு ஆளுக்குப் படுத்து ஒறங்க ஒக்குமா?"

எனக்குப் புரியவில்லை. "படுத்தா என்ன?" என்று கேட்டேன், வகுப்பில் கேட்கிற அதே குரலில்.

"படுத்தா மூச்சு அடைக்கும். கண்ணு மூடினா பின்னே எழும்புவமா இல்லியான்னு பயம் வரும். அதனால இருந்துட்டே ஒறங்கும். அதுக்காக்கும் கேட்டது."

அக்கா மூன்று வருஷமாக முன்னறைச் சாய்வு நாற்காலியில்தான் உறங்குவாள். அங்கே காற்று வரும் என்று அவள் சொன்னதை நாங்கள் நம்பியிருந்தோம். நான் பக்கத்து அறையில் பாய் விரித்துக் கையையும் காலையும் நீட்டி உறங்கியவள். பதினைந்து நாள் படித்த கட்டுரையில் இதற்குப் பதில் இருந்ததா, இருந்தும் நான் தாண்டிப்போய்விட்டேனா, ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியாது. டாக்டரிடம்தான் கேட்கணும்," என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

நன்றி சொல்வது செயலாளர் வேலை. அத்தான் எழுந்தார். தலைவருக்கு நன்றி, விளக்கு ஏற்றியவருக்கு நன்றி, ஏழு ஆசம்சைக்கும் தனித்தனியாக நன்றி. என் பேச்சை இரண்டு நிமிஷத்தில் சுருக்கிச் சொன்னார். ஒரு பிழை இல்லை. பையைப் பிரிப்பது, பின் அடிப்பது, மயக்க மருந்து, மாத்திரை, எல்லாம் அப்படியே வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன். பிறகு மைக் செட்டுக்காரருக்கு நன்றி, பரிப்பு வடை சுட்டுத் தந்தவருக்கு நன்றி. "சம்சயம் கேட்ட சகோதரிமாருக்கும் நன்றி" என்று கும்பிட்டு முடித்தார். சகோதரிமாரில் ஒருத்தி அவருடைய மூன்று பிள்ளைகளின் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் நான் வெடித்துவிட்டேன். "அத்தான், அந்த டைரியக் காட்டுங்க."

அவர் சந்தோஷமாகக் காட்டினார். நம்பர் போட்டு எழுதியிருந்தார். கடைசி வரி: படுத்து உறங்க முடியுமா? பேச்சாளருக்குத் தெரியவில்லை.

"அது நீ படிச்சுட்டு வந்திருக்கணும் பிள்ளே," என்றார். "மத்தபடி பேச்சு கொள்ளாம். மைக்குதான் கொஞ்சம் இரைஞ்சுது."

"அதக் கேட்டது யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"ஏன், இவளாக்கும். நான் கண்டேன்லா."

"கண்டியளா? கண்டுட்டா இப்பிடி வடை தின்னுட்டு இருக்கிய? மூணு வருசமா படுத்து ஒறங்கல்ல அத்தான்! படுத்தா செத்துப்போவேன்னு பயந்து..."

"அதுக்கு நீ எதுக்கு அலறுகே? பாக்கலாம்னு நான் சொல்லல்லியா?"

இந்தப் பாக்கலாமைக் கேட்டதும் கையிலிருந்த சார்ட்டைச் சுருட்டி அவர் தலையில் ஒன்று போடலாமா என்று வந்தது. பள்ளிக்கூடத்துச் சொத்து என்பதால் தப்பித்தார். அதற்குள் அக்கா அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அலமாரியில இருக்க கடுதாசிய இங்க எடுங்க," என்றாள் அவரிடம்.

"என்னத்துக்கு?"

"திங்களாழ்ச்ச நான் திருவனந்தபுரம் போறேன்."

"யாருக்க கூட?"

"இவ வந்தா இவளுக்க கூட. இவளுக்கு லீவு கிட்டல்லேன்னா தனிச்சு."

"ஆப்பரேசனுக்கு ஒப்பு போடணும் கேட்டியா. கெட்டினவன் இல்லாத்த ஒப்பு செல்லுமா?"

"எனக்க வயித்துக்கு நான் போடுவேன் ஒப்பு. எனக்கும் பேரு எழுதத் தெரியும்."

அவ்வளவுதான். அத்தான் சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, மினிட்ஸ் புத்தகங்களைத் தூக்கி, கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். பத்து மாதமாக நான் மலையைப் புரட்டுகிற மாதிரி முக்கியும் நடக்காதது, அவள் கேட்டதும் அரை நிமிஷத்தில் நடந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. இருந்தாலும் என் பேச்சு வேலை செய்துவிட்டது என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் போகும்போது டாக்டரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று அக்காவுக்கு வழியெல்லாம் பாடம் எடுத்தேன். டாக்டர் சாந்தமான மனுஷர். அக்காவைப் பார்த்து, எப்போதிலிருந்து உடம்பு ஏறத் தொடங்கியது என்று கேட்டார். மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு என்று நான் சொன்னேன். நடக்க முடிகிறதா என்றார். வாயனசாலை வரைக்கும் போனாலே மூச்சு வாங்கும் என்று நான் சொன்னேன். ஆப்பரேஷனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றார். நான் வாயைத் திறந்தேன்.

"மக்கா," என்றாள் அக்கா. "நீ கொஞ்சம் வெளியில போய் இரி."

எனக்குச் சுருக்கென்றது. கடிதத்துக்காகச் சண்டை போட்டது யார்? கட்டுரையை மொழிபெயர்த்தது யார்? ஒரு சி.எல். வேறு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வெளியே பெஞ்சில் முக்கால் மணி நேரம் இருந்தேன். இரண்டு தடவை எழுந்து கதவு வரை போய்த் திரும்பினேன். உள்ளே அக்காவின் குரல்தான் அதிகமும் கேட்டது. வீட்டில் அவள் அத்தனை நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இருவர் சீட்டில் அவள் இருந்தாள், நான் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தேன். என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று நச்சரித்தேன்.

"சொல்லுதேன். நடுவில கேறிப் பேசப்பிடாது."

சரி என்றேன். கரமனை தாண்டியதும் தொடங்கினாள். சர்க்கரையை முதலில் குறைக்க வேண்டும், மூச்சுக்கு ஒரு பரிசோதனை உண்டு, அதற்குப் பிறகுதான் தேதி. படுத்து உறங்கலாம், எடை குறையக் குறைய அது சரியாகும் என்று டாக்டர் சொன்னாராம். அறுவை பிற்பாடு நடந்தது. அந்தக் கதையைச் சொல்ல வேண்டியவள் அவள், நான் அல்ல.

பாலராமபுரம் வந்தது, நெய்யாற்றின்கரை வந்தது. அவள் பேசிக்கொண்டே வந்தாள். ரப்பர் தராசில் நின்றபோது மனதுக்குள் பிள்ளைகளின் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அமரவிளை பாலத்தில் பஸ் மெதுவாகப் போனபோது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வாயனசாலையில நீ சொன்ன ஒடன எல்லாரும் திரும்பி என்னப் பாத்தாங்க. அது எனக்குச் சாரமில்ல, போட்டும், தெனமும் பாக்கப்பட்டவங்கதானே. ஆனா அவங்க பாக்கதுக்கு முன்ன மேடையில இருந்து நீ பாத்தே மக்கா. நீ பாத்த பெறவாக்கும் அவங்க திரும்பினது."

இல்லை அக்கா என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் முதலில் பார்த்தது நான்தான்.